டுகென்ட்ஹாட் வில்லா: ஓர் எளிமை இல்லத்தின் வரலாறும் மீட்டெடுப்பும்

டுகென்ட்ஹாட் வில்லா செக் குடியரசின் இரண்டாவது பெரிய நகரமான பிர்னோவில், ஒரு மலைச்சரிவில் அமைந்துள்ள வீடு. செருமானியக் கட்டடக் கலைஞர் லுட்விக் மீஸ் வான் டெர் ரோ (1886–1969) இதை வடிவமைத்தார். ஃபிரிட்ஸ் டுகென்ட்ஹாட், கிரெட்டே டுகென்ட்ஹாட் என்ற தம்பதியருக்காக 1929–1930ஆம் ஆண்டுகளில் இது கட்டப்பட்டது. அலங்காரத்தை விலக்கி, வெளியையும் ஒளியையும் பொருளின் இயல்பான அழகையும் மட்டுமே நம்பி எழுந்த தொடக்கக்கால வீடுகளில் இது முதன்மையானது. இன்று ‘மினிமலிசம்’ என்று வழங்கும் எளிமைப் பாணியின் வேர்களைத் தேடுவோர் தவறாமல் வந்து சேரும் வீடும் இதுவே.

அந்தக் குடும்பம் இவ்வீட்டில் வாழ்ந்தது எட்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலம். அதன்பின் இது நாசி அரசின் உடைமையாகவும், படைவீரர் தங்குமிடமாகவும், நடனப் பள்ளியாகவும், குழந்தைகளுக்கான மருத்துவப் பயிற்சிக் கூடமாகவும், நகராட்சியின் விருந்தினர் இல்லமாகவும் மாறியது. 2010–2012இல் நடந்த பெரும் புனரமைப்பு இதை மீண்டும் 1930ஆம் ஆண்டின் குடும்ப இல்லத் தோற்றத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு பழைய வீட்டை எளிமை இல்லமாக மீட்பது என்றால் எதை மீட்பது, எதை நீக்குவது என்ற கேள்விக்கு இவ்வீட்டின் வரலாறு நல்ல பாடமாக உள்ளது.

பின்புலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிர்னோ துணி ஆலைகளால் செழித்த நகரமாக இருந்தது. அங்கு வாழ்ந்த செருமன் மொழி பேசும் யூதத் தொழிலதிபர் குடும்பங்களில் லோவ்-பேர் குடும்பமும் டுகென்ட்ஹாட் குடும்பமும் குறிப்பிடத்தக்கவை. இரண்டுமே துணித் தொழிலில் ஈடுபட்டவை.

கிரெட்டேயின் தந்தை ஆல்ஃபிரட் லோவ்-பேர் 1913இல் சரிவின் அடிவாரத்தில் ஒரு வில்லாவை வாங்கினார். அது 1903–1904இல் கட்டப்பட்டது. வளைந்த கோடுகளும் சுவர் அலங்காரங்களும் கொண்ட அக்கால வில்லாக்களின் மரபைச் சேர்ந்தது. கிரெட்டே வளர்ந்தது அந்த வீட்டில்தான். அவருடைய திருமணத்தின்போது அத்தோட்டத்தின் மேற்பகுதி நிலத்தைப் பெற்றோர் அவருக்கு அளித்தனர். ஒரே தோட்டத்தின் கீழ்முனையில் அலங்கார மரபின் வில்லாவும் மேல்முனையில் அந்த மரபை அறவே துறந்த வில்லாவும் இன்றும் நிற்கின்றன. தாய்வீட்டுக்கும் மகள் வீட்டுக்கும் இடையே கால் நூற்றாண்டு இடைவெளிதான். பார்ப்பவருக்கோ இரண்டும் வெவ்வேறு யுகங்களாகத் தோன்றும்.

கிரெட்டே 1920களில் பெர்லினில் வாழ்ந்தவர். மீஸ் தம் இளமையில் கட்டிய ஒரு வீட்டுக்கு அங்கு அடிக்கடி சென்று வந்தார். அப்போது கலைச் சேகரிப்பாளர் எடுவார்ட் ஃபுக்ஸ் அவ்வீட்டில் குடியிருந்தார். 1927இல் மீஸின் தலைமையில் ஸ்டுட்கார்ட் நகரில் அமைந்த வைசன்ஹோஃப் குடியிருப்புக் கண்காட்சியும் கிரெட்டேயை ஈர்த்தது. தெளிவான, எளிய வடிவங்கள் கொண்ட விசாலமான புதுமை வீடு வேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஃபிரிட்ஸுக்கோ வேறொரு காரணம் இருந்தது. சிறு வயதில் அவர் வாழ்ந்த வீட்டின் அறைகள் அனைத்திலும் பின்னல் விரிப்புகளும் அலங்காரச் சிறு பொருள்களும் அடைந்து கிடந்தன. அவற்றின் மீது அவருக்கு நீங்காத வெறுப்பு இருந்தது. ஆகவே இந்த எளிமை கட்டடக் கலைஞர் வெளியிலிருந்து திணித்ததன்று. நிறைந்து வழிந்த வீட்டில் வளர்ந்த ஒருவர் வெற்றிடத்தை விரும்பிக் கேட்டதாலும் அது வந்தது.

வடிவமைப்பும் கட்டுமானமும்

இருவரும் 1928இல் திருமணம் செய்துகொண்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் மீஸ் பிர்னோவுக்கு வந்து நிலத்தைப் பார்த்தார். ஆண்டின் கடைசி நாள் மாலையில் வரைபடங்களைத் தம்பதியர் முன் விரித்தார். பேச்சு நள்ளிரவைத் தாண்டியும் நீண்டது. தளத்திலிருந்து கூரை வரை உயரும் கதவுகள் வளைந்துவிடும் என்று ஃபிரிட்ஸ் அஞ்சினார். அப்படியானால் தம்மால் கட்ட இயலாது என்று மீஸ் மறுத்துவிட்டார். மற்றச் சில கோரிக்கைகளை அவர் ஏற்றார். இந்த நிகழ்வுகளைக் கிரெட்டே பின்னாளில் ஓர் உரையில் நினைவுகூர்ந்தார்.

1929 கோடையில் கட்டுமானம் தொடங்கியது. 1930 டிசம்பரில் குடும்பம் குடியேறியது. உள் அலங்கரிப்பிலும் அறைக்கலன்களிலும் வடிவமைப்பாளர் லில்லி ரைஷின் பங்கு பெரிது. தோட்ட அமைப்பில் பிர்னோவைச் சேர்ந்த கிரெட்டே ரோடர்-முல்லர் மீஸுடன் பணியாற்றினார். இதே காலத்தில்தான் மீஸ் 1929ஆம் ஆண்டு பார்சலோனா உலகக் கண்காட்சிக்கான செருமானிய அரங்கையும் கட்டினார். அந்த அரங்கில் சோதித்த கருத்துகளை ஒரு குடும்பம் வாழும் வீட்டில் செயல்படுத்தியதே டுகென்ட்ஹாட் வில்லாவின் சிறப்பு.

கட்டட அமைப்பு

வீட்டுக்கு மூன்று தளங்கள் உண்டு. சாலையிலிருந்து பார்த்தால் ஒரு தளம் மட்டுமே தெரியும். சாலை மட்டத்தில் இருப்பது மேல்தளம். அதில் நுழைவுக் கூடம், பெற்றோரின் படுக்கையறைகள், குழந்தைகளின் அறைகள், செவிலியின் அறை, அகன்ற மொட்டைமாடி ஆகியவை உள்ளன. குழந்தைகள் விளையாட மொட்டைமாடியில் மணல்தொட்டி இருந்தது. வந்தவர் படியிறங்கி அடுத்த தளத்தை அடையும்போதுதான் வீட்டின் இதயமான பெருங்கூடம் விரியும்.

இந்தக் கூடத்தின் பரப்பு ஏறத்தாழ 237 சதுர மீட்டர். உள்ளே அறைகளைப் பிரிக்கும் வழக்கமான சுவர்கள் இல்லை. வீட்டின் பாரத்தை எஃகுச் சட்டகம் தாங்குகிறது. கூடத்தில் நிற்கும் தூண்களின் குறுக்குவெட்டு சிலுவை வடிவம் கொண்டது. அவை குரோமியம் பூசிய உறையால் மூடப்பட்டுக் கண்ணாடிபோல் மின்னுகின்றன. பாரம் தூண்களுக்குப் போய்விட்டதால் சுவர்கள் எதையும் தாங்க வேண்டியதில்லை. எனவே அவற்றை விரும்பிய இடத்தில் வைக்கலாம், விரும்பினால் விட்டும்விடலாம். தனிவீடு ஒன்றில் எஃகுச் சட்டகத்தை இவ்வாறு பயன்படுத்தியது அக்காலத்தில் புதுமை.

கூடத்தில் இருப்பவை இரண்டே தனிச்சுவர்கள். ஒன்று மொராக்கோவின் அட்லஸ் மலையிலிருந்து வந்த தேன்நிற ஓனிக்ஸ் கல்லால் ஆனது. அமரும் பகுதியையும் நூலகப் பகுதியையும் அது பிரிக்கிறது. குளிர்காலத்தில் தாழ்வாக வரும் மாலை வெயில் படும்போது இந்தக் கல் ஒளியை ஊடுருவ விட்டுச் செந்நிறமாக ஒளிரும். மற்றொன்று மக்காசர் கருங்காலிப் பலகை பொருத்திய அரைவட்டச் சுவர். உணவு மேசையை அது அணைத்து நிற்கிறது. மற்றப் பிரிவினைகளுக்குப் பட்டு, வெல்வெட்டுத் திரைகள் பயன்பட்டன. திரையை இழுத்தால் அறை, விலக்கினால் கூடம்.

தோட்டத்தை நோக்கிய பக்கம் முழுவதும் கண்ணாடி. தரையிலிருந்து கூரை வரை எழும் இப்பெரும் கண்ணாடிகளில் இரண்டு, பொத்தானை அழுத்தினால் மின்விசையால் கீழ்த்தளத்துக்குள் இறங்கிவிடும். அப்போது கூடம் திறந்த முன்றில் போலாகும். கிழக்குப் பக்கத்தில் செடிகளுக்கான கண்ணாடி அறை ஒன்றும் உண்டு. அறைக்கலன்களும் இவ்வீட்டுக்கென்றே வடிவமைக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு நாற்காலி வகைகள் ‘டுகென்ட்ஹாட் நாற்காலி’, ‘பிர்னோ நாற்காலி’ என்ற பெயர்களில் உலகப் புகழ் பெற்றன. சுவர்களில் ஓவியங்கள் இல்லை. கூடத்தில் இருந்த ஒரே கலைப்படைப்பு வில்ஹெல்ம் லேம்ப்ரூக்கின் பெண் உருவச் சிலை.

எளிமைக்குப் பின்னால் இருந்த இயந்திரங்கள்

மேலே தெரியும் எளிமைக்கு விலை அடித்தளத்தில் கொடுக்கப்பட்டது. அங்கே வெதுவெதுப்பான அல்லது குளிர்ந்த காற்றைக் கூடத்துக்கு அனுப்பும் அமைப்பு இருந்தது. வெளிக்காற்று வடிகட்டப்பட்டு, நீர்த்தெளிப்பால் ஈரமாக்கப்பட்டு, தேவைக்கேற்ப வெப்பமூட்டப்பட்டு மேலே சென்றது. கண்ணாடிகளை இறக்கும் மின்பொறிகள், கொதிகலன், சலவை அறை, உலர்த்தும் அறை, உடைகளை அந்துப்பூச்சியிடமிருந்து காக்கும் அறை ஆகியவையும் அங்கே இருந்தன. புகைப்படத்திலும் திரைப்படம் எடுப்பதிலும் ஆர்வம் கொண்ட ஃபிரிட்ஸுக்கு இருட்டறை ஒன்றும் இருந்தது. சமையற்காரர், பணிப்பெண்கள், வண்டியோட்டி ஆகியோருக்குத் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது.

அரிய கல்லும் மரமும், தனியாகச் செய்த தூண் உறைகளும், இத்தனை இயந்திரங்களும் சேர்ந்து வீட்டின் செலவை மிகவும் உயர்த்தின. பொருள்களைக் குறைப்பதும் செலவைக் குறைப்பதும் வேறுவேறு என்பதற்கு இவ்வீடு சான்று. துணி மடிக்கவும் பாத்திரம் வைக்கவும் மறைவான இடம் இருந்ததால்தான் கூடம் வெறுமையாக இருக்க முடிந்தது. இன்று எளிமைப் பாணியில் வீட்டைத் திருத்துவோர் சேமிப்பு அலமாரிகளைச் சுவருக்குள் மறைப்பதும் இதே தேவையால்தான்.

‘இங்கு வாழ முடியுமா?’ என்ற விவாதம்

வீடு முடிந்த மறு ஆண்டே அதைப் பற்றி ஒரு விவாதம் எழுந்தது. செருமானிய வடிவமைப்பு இதழான ‘டி ஃபோர்ம்’ 1931இல் இதற்குக் களமாக அமைந்தது. கலை வரலாற்றாளர் யுஸ்டுஸ் பியர், டுகென்ட்ஹாட் வீட்டில் வாழ முடியுமா என்பதையே கட்டுரைத் தலைப்பாக வைத்தார். இவ்வளவு கம்பீரமான கூடம் காட்சிக்கு ஏற்றதாக இருக்கலாம். ஆனால் அன்றாட வாழ்வின் அந்தரங்கத்தை அது ஒடுக்கிவிடாதா, ஒரு படத்தைக்கூட மாட்ட முடியாத இடம் வீடாகுமா என்பது அவருடைய ஐயம். இடதுசாரிக் கட்டடக் கலைஞர் ரோஜே கின்ஸ்புர்கர் இதன் ஆடம்பரத்தைச் சாடினார். பலருக்கு வசிக்க இடமில்லாத பொருளாதார நெருக்கடிக் காலத்தில் அந்தக் கண்டனத்துக்கு வலு இருந்தது.

இந்த விவாதத்தின் சிறப்பு, வீட்டில் வாழ்ந்தவர்களே பதில் எழுதியதுதான். தம் வீட்டின் பெருமிதம் மனத்தை அழுத்தவில்லை, விடுவிக்கிறது என்று கிரெட்டே எழுதினார். இத்தகைய பின்னணியில் ஒவ்வொரு மலரும் வழக்கத்தைவிட வேறாகத் தெரிகிறது, மனிதர்களும் தம் சூழலிலிருந்து தெளிவாகப் புலப்படுகிறார்கள் என்பது அவருடைய அனுபவம். படம் மாட்ட முடியாது என்ற குறையை ஃபிரிட்ஸ் மறுக்கவில்லை. கல்லின் கோடுகளும் மரத்தின் ரேகைகளும் அந்த இடத்தை நிரப்பிவிட்டன என்றார்.

இந்தக் கேள்விக்கு ஒரே விடை இல்லை. வசதியும் பணியாட்களும் இருந்த ஒரு குடும்பம் அங்கே மகிழ்ச்சியாக வாழ்ந்தது என்பதே வரலாறு தரும் செய்தி. ஃபிரிட்ஸ் எடுத்த படங்களில் குழந்தைகள் மொட்டைமாடியிலும் தோட்டத்திலும் விளையாடுகிறார்கள். 1930இல் பிறந்த மகன் எர்ன்ஸ்ட் டுகென்ட்ஹாட் பின்னாளில் செருமானிய மெய்யியலாளராகப் புகழ்பெற்றார்.

குடும்பம் வெளியேறுதல்

1938 மார்ச்சில் நாசி செருமனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டது. பிர்னோவிலிருந்து ஆஸ்திரிய எல்லை தொலைவில் இல்லை. ஆபத்தை உணர்ந்த குடும்பம் அந்த ஆண்டிலேயே சுவிட்சர்லாந்துக்கு வெளியேறியது. கொண்டு செல்ல முடிந்த அறைக்கலன்கள் சில உடன் சென்றன. 1941இல் அவர்கள் வெனிசுவேலாவுக்குக் குடிபெயர்ந்தனர். போருக்குப் பின் 1950இல் சுவிட்சர்லாந்துக்குத் திரும்பினர். ஃபிரிட்ஸ் 1958இல் அங்கு இறந்தார். பிர்னோவில் தங்கிவிட்ட யூதர்களில் பெரும்பாலோர் நாசி முகாம்களில் கொல்லப்பட்டனர். வீட்டை இழந்தும் உயிருடன் தப்பியது அக்குடும்பத்துக்கு வாய்த்த நற்பேறு.

பல கைகளில் வீடு

1939இல் வீட்டை கெஸ்டாப்போ பறிமுதல் செய்தது. 1942இல் அது செருமானிய அரசின் சொத்தாகப் பதிவாயிற்று. போர்க்காலத்தில் தொழில் நிறுவன இயக்குநர் ஒருவர் இங்கே குடியிருந்தார். உட்புறத்தில் மாற்றங்கள் செய்யப்பட்டன. கருங்காலிச் சுவரின் பலகைகள் கழற்றப்பட்டு எங்கோ மறைந்தன. போரின் இறுதியில் நகரின் மீது விழுந்த குண்டுகளின் அதிர்வில் கண்ணாடிகள் நொறுங்கின. 1945 வசந்தத்தில் பிர்னோவைக் கைப்பற்றிய செஞ்சேனையின் குதிரைப்படையினர் இங்கே தங்கினர். குதிரைகளும் வீட்டுக்குள் கட்டப்பட்டன. எஞ்சிய மரச்சாமான்கள் விறகாயின. ஓனிக்ஸ் சுவர் மட்டும் தப்பியது.

அதே ஆண்டில் நடன ஆசிரியை கார்லா ஹ்லாட்கா வீட்டைச் சீர்செய்து நடனப் பள்ளியை நடத்தத் தொடங்கினார். தூண்களால் மட்டும் தடைபடும் அகன்ற கூடம் அதற்குப் பொருத்தமாக இருந்தது. 1950இல் பள்ளி மூடப்பட்டு வீடு அரசிடம் சென்றது. அதன்பின் முதுகெலும்புக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு உடற்பயிற்சி சிகிச்சை அளிக்கும் இடமாக 1970களின் இறுதி வரை இயங்கியது. ஓனிக்ஸ் சுவரின் முன் குழந்தைகள் வரிசையாகப் பயிற்சி செய்யும் புகைப்படங்கள் கிடைத்துள்ளன. ஒரு குடும்பத்தின் தேவைக்காக வரைந்த வெளி, எவரும் எண்ணாத பயன்களுக்கும் இடம் கொடுத்தது. ‘வாழ முடியுமா’ என்ற 1931ஆம் ஆண்டு ஐயத்துக்கு இதுவும் ஒரு வகைப் பதில்.

முதல் மீட்பு முயற்சிகள்

வீட்டின் மதிப்பை மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் பிர்னோவின் கட்டடக் கலைஞர் ஃபிரான்டிஷெக் கலிவோடா. 1963இல் வீடு பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1967இல் கிரெட்டே பிர்னோவுக்கு வந்து தம் பழைய வீட்டைப் பார்த்தார். 1969 ஜனவரியில் வீட்டின் எதிர்காலம் குறித்து அந்நகரில் நடந்த மாநாட்டில் அவர் உரையாற்றினார். வீடு எப்படி உருவானது என்பதற்கு அந்த உரை இன்று முதன்மைச் சான்றாக உள்ளது.

ஆனால் 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தபின் நாட்டின் சூழல் இறுகிக்கொண்டிருந்தது. 1969இல் மீஸும், 1970இல் கிரெட்டேயும், 1971இல் கலிவோடாவும் இறந்தனர். முயற்சி தளர்ந்தது.

1980இல் வீடு நகராட்சியிடம் வந்தது. 1981–1985இல் முதல் பெரிய சீரமைப்பு நடந்தது. கட்டடம் இடிந்துபோகாமல் காத்தது அதன் சாதனை. குறைகளும் இருந்தன. அத்தனை பெரிய ஒற்றைக் கண்ணாடி அன்று கிடைக்காததால் இரண்டு துண்டுகள் ஒட்டிப் பொருத்தப்பட்டன. மூலப் பொருள்கள் சில அகற்றப்பட்டன. சீரமைத்த வீடு நகராட்சியின் முக்கிய விருந்தினர்களுக்கான இல்லமாயிற்று.

அந்தப் பயன்பாடு வீட்டை அரசியல் வரலாற்றிலும் இடம்பெறச் செய்தது. 1992 ஆகஸ்ட் 26 அன்று செக் தலைவர் வாட்ஸ்லாவ் கிளவுஸும் சுலோவாக்கியத் தலைவர் விளாடிமிர் மெச்சியாரும் இங்கே சந்தித்து, நாட்டை இரண்டாகப் பிரிப்பதற்கான உடன்பாட்டை எட்டினர். 1993 ஜனவரி 1 அன்று செக், சுலோவாக்கியக் குடியரசுகள் பிறந்தன. 1994இல் வீடு பிர்னோ நகர அருங்காட்சியகத்தின் பொறுப்பில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2001இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

2010–2012 புனரமைப்பு

முழுமையான புனரமைப்பு 2010இல் தொடங்கியது. அதைக் கண்காணிக்கப் பன்னாட்டு வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. மரபுப் பாதுகாப்பு வல்லுநர் இவோ ஹம்மர் அதன் தலைவர். வெனிசுவேலாவில் பிறந்த டுகென்ட்ஹாட் தம்பதியரின் இளைய மகளும் கலை வரலாற்றாளருமான டானியேலா ஹம்மர்-டுகென்ட்ஹாட்டின் கணவர் அவர். வீட்டில் ஒருபோதும் வாழாத மகளின் தலைமுறை வீட்டை மீட்கும் பணியில் இவ்வாறு பங்கேற்றது.

பணிக்கு முன் பரப்புகள் அடுக்கடுக்காக ஆராயப்பட்டன. வெளிச்சுவர் பற்றிய கண்டுபிடிப்பு குறிப்பிடத்தக்கது. நவீனத்துவ வீடு என்றாலே தூய வெள்ளை என்று கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் நம்ப வைத்திருந்தன. பழைய சுண்ணாம்புப் பூச்சை ஆராய்ந்தபோது, அதில் உள்ளூர் மணலின் நிறம் இழையோடி, சுவர் மெல்லிய மஞ்சள் சாயலுடன் இருந்தது தெரிந்தது. தட்டையான வெள்ளைச் சாயம் இந்த நுட்பத்தை மறைத்துவிட்டிருந்தது. எளிமைப் பாணி வீடுகளில் கண்ணுக்குப் படுவது பரப்பு மட்டுமே. ஆகவே அந்தப் பரப்பின் தன்மை மாறினால் வீடே மாறிவிடும். மூலப் பூச்சுகளை இயன்றவரை காப்பதும், தேவையான இடத்தில் அதே வகைச் சுண்ணாம்பால் புதுப்பிப்பதும் பணியின் கொள்கையாயின.

மற்றொரு கண்டுபிடிப்பு ஒரு துப்பறியும் கதையை ஒத்தது. காணாமல் போன கருங்காலிப் பலகைகள் அழிந்துவிட்டன என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கலை வரலாற்றாளர் மிரோஸ்லாவ் அம்பரோஸ் அவற்றைத் தேடினார். பிர்னோவின் மாசரிக் பல்கலைக்கழகச் சட்டத்துறைக் கட்டடத்தின் சிற்றுண்டிச் சாலைச் சுவரில் அவை பொருத்தப்பட்டிருந்ததை 2011இல் கண்டறிந்தார். போர்க்காலத்தில் அக்கட்டடம் கெஸ்டாப்போவின் தலைமையிடமாக இருந்தது. பல தலைமுறை மாணவர்கள் தெரியாமலே அந்தப் பலகைகளின் அருகில் உண்டு சென்றிருக்கிறார்கள். அவை வீட்டுக்குத் திரும்பி அரைவட்டச் சுவரில் மீண்டும் இடம்பெற்றன.

பெருங்கண்ணாடிகள் மீண்டும் ஒற்றைத் தகடுகளாகப் பொருத்தப்பட்டன. அவற்றை இறக்கும் பொறிகள் சீராக்கப்பட்டன. தரைக்கு வெள்ளை லினோலியம் விரிக்கப்பட்டது. நாற்காலி, மேசை, திரைச்சீலை ஆகியவை பழைய படங்களையும் எஞ்சிய மாதிரிகளையும் கொண்டு படிகளாகச் செய்யப்பட்டன. லேம்ப்ரூக் சிலையின் இடத்திலும் படியே நிற்கிறது. 2012 மார்ச்சில் வீடு பார்வையாளர்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. கிரெட்டேயின் தாய்வீடான லோவ்-பேர் வில்லாவும் தனியே புனரமைக்கப்பட்டு 2016இல் திறக்கப்பட்டது. இன்று இரு வீடுகளையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

எந்தக் காலத்தை மீட்பது?

பழங்கட்டடங்களை மீட்பதில் இரு நோக்குகள் உண்டு. ஒன்று, கட்டடம் கடந்து வந்த காலம் முழுவதையும் அதன் பகுதியாக ஏற்பது. மற்றொன்று, அதன் மிகச் சிறந்த காலத்தைத் தேர்ந்து அதற்குத் திருப்புவது. டுகென்ட்ஹாட் வில்லாவில் இரண்டாவது நோக்கு வென்றது. குடும்பம் வாழ்ந்த காலத்து வீடே இலக்காயிற்று.

இதற்கு வலுவான காரணம் இருந்தது. எளிமைப் பாணிக் கட்டடத்தில் கூடுதலாகச் சேரும் ஒரு தடுப்போ குழாயோகூட முழு அமைப்பையும் குலைத்துவிடும். அலங்காரம் நிறைந்த பழைய வில்லாவில் ஒரு புதிய கதவு கலந்துவிடும். இங்கே அது கறையாகத் தெரியும். மேலும், வன்முறையால் துரத்தப்பட்ட குடும்பத்தின் இல்லத்தை அதன் முதல் வடிவத்தில் நிறுத்துவது ஒரு நீதிச் செயல் என்ற உணர்வும் இருந்தது.

இழப்பும் இதில் உண்டு. நடனம் கற்றவர்களின் சுவடும், அங்கே முதுகு நிமிர்ந்த குழந்தைகளின் சுவடும் கூடத்தில் இல்லை. ஏழெட்டு ஆண்டுகள் வாழ்ந்த குடும்பத்தின் காலம் பரப்பில் நிற்கிறது. முப்பது ஆண்டுகளை நெருங்கிய மருத்துவப் பயன்பாடு படங்களிலும் விளக்கங்களிலும் மட்டும் எஞ்சுகிறது. மீட்கப்பட்ட வீடு குடும்ப இல்லம்போல் தோன்றினாலும் அங்கே குடும்பம் இல்லை. நாற்காலிகள் வரைபடத்தில் குறித்த இடத்திலேயே இருக்கின்றன. கிரெட்டே வாழ்ந்தபோது அவை நகர்ந்திருக்கும்.

தாக்கம்

மீஸ் 1938இல் அமெரிக்காவுக்குச் சென்றார். 1951இல் இலினாய் மாநிலத்தில் அவர் கட்டி முடித்த ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம், பிர்னோவில் தொடங்கிய எண்ணத்தை இன்னும் தொலைவுக்குக் கொண்டு சென்றது. சுவரற்ற கூடம், தரை முதல் கூரை வரை கண்ணாடி, ஒரே ஒரு அரிய பொருளுக்கு முதன்மை, மறைந்திருக்கும் சேமிப்பிடம் ஆகிய கூறுகள் பிற்கால வீடுகளில் பரவலாயின. பழைய வீட்டின் உட்சுவர்களை அகற்றி ஒரே கூடமாக்கும் இன்றைய வழக்கத்திலும் இதன் எதிரொலி உண்டு. பிரித்தானிய எழுத்தாளர் சைமன் மாவர் 2009இல் வெளியிட்ட ‘கண்ணாடி அறை’ என்ற ஆங்கில நாவல் இவ்வீட்டின் கதையைத் தழுவியது.

பழைய வீடு ஒன்றை எளிமைப்படுத்த முனைவோருக்கு இவ்வரலாறு மூன்று செய்திகளைத் தருகிறது. முதலாவது, வெறுமையைத் தாங்க மறைவான ஏற்பாடுகள் வேண்டும். இரண்டாவது, பொருள்கள் குறையும்போது எஞ்சியவற்றின் தரம் கூடுதலாகக் கவனிக்கப்படும். சுண்ணாம்பின் சாயல்கூடக் கண்ணில் படும். மூன்றாவது, பழையதை நீக்கும் ஒவ்வொரு முடிவும் யாருடைய வாழ்வை நினைவில் வைப்பது என்ற முடிவாகவும் ஆகிறது. அந்தக் கூடத்துக்குத் திரும்பிய கருங்காலிப் பலகைகள் அதற்குக் கண்கூடான சான்று. அவை ஒரு குடும்பத்தின் உணவு மேசையைச் சூழ்ந்திருந்தன, கெஸ்டாப்போ கட்டடத்துக்குப் போயின, மாணவர்களின் உணவுக்கூடத்தில் நின்றன. இப்போது 1930இல் இருந்த அதே வளைவில் நிற்கின்றன.